பழையதை அழித்துவிட்டு நிறுவு

எனக்குக் கோபம் மூக்கு நுனியில்தான் இருக்கும். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் அப்படித்தான் பேசிக்கொள்கிறார்கள். என் காதிலும் விழுந்திருக்கிறது, பேசட்டும். பழுதான மௌஸோடும் நினைத்தபோது போகும் கரண்டோடும் நாள் முழுக்க மல்லுக்கட்டுகிற கம்ப்யூட்டர் டீச்சருக்குக் கோபம் வராமல் பின்னே என்ன வரும்? ஆனால் அன்றைக்குப் பெர்த்தா என் வீட்டு வாசலில் நின்று கேட்டதற்கு நான் கோபப்பட்டிருக்க வேண்டாம். அதை நினைத்தால் இப்போதும் நெஞ்சு காந்துகிறது.

பெர்த்தா என்னிடம் பத்தாம் வகுப்பு படித்தவள். கேரள எல்லையில் காரோடு என்ற ஊரைத் தாண்டிக் கடற்கரையில் வீடு. எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில், ஒரு கல்லூரியில் பி.காம். முடித்தாள். முடித்த கையோடு கல்யாணமும் முடிந்தது. கணவன் கிரகோரி கடலுக்குப் போகிறவன். இடுப்பில் ஒரு பெண் குழந்தை, தோளில் ஒரு லேப்டாப் பை என்று, பாறசாலையில் என் வீட்டைத் தேடிப்பிடித்து ஒரு சனிக்கிழமை வந்து நின்றாள்.

“வேற ஒண்ணும் இல்ல டீச்சரே. மார்த்தாண்டத்துல ஒரு கம்பெனி. ஆஸ்பத்திரி இன்சூரன்ஸ் பேப்பர் எல்லாம் சரி பாக்குற வேலை. வீட்டுல இருந்தே செய்யலாமாம். அடுத்த சனியாழ்ச்ச ஆன்லைன்ல பரீட்சை உண்டு. இந்தச் சாதனம் இழுத்துகிட்டு கிடக்கு. புது விண்டோஸ் ஏத்துனா சரியாவும்னு ஈசாக் சொல்லுதான்.”

ஈசாக் கிரகோரியின் சித்தப்பா மகன். லேப்டாப் அவன் பயன்படுத்திக் கழித்தது. மூடியைத் திறந்து பார்த்தேன். விண்டோஸ் கண்விழிப்பதற்குள் ஒரு சாயா போட்டுக் குடித்துக் கிளாஸையும் கழுவி வைத்துவிடலாம்.

“காட்டாக்கடையில ஒரு கடையில காசு வாங்காம சும்மாட்டு போட்டுத் தருவாங்களாம். அதுக்கு மின்ன டீச்சர்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலாம்னு...”

அவ்வளவுதான். எனக்கு ஏறிவிட்டது.

“சும்மாட்டா? சும்மாட்டு போடுறதுன்னா அது களவாக்கும், கேட்டியா? எனக்க கிளாஸ்ல இருந்து படிச்சிட்டு, களவாண்ட விண்டோஸை வீட்டுல ஏத்தணும்னு எனக்க வாசல்லயே வந்து நிண்ணு சொல்லுதியே, உனக்கு நாணமில்லியா?”

பெர்த்தா முகம் சிவந்து நின்றாள். இடுப்பில் இருந்த குழந்தை என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கியது. உள்ளேயிருந்து என் வீட்டுக்காரர் சிவராம், “லட்சுமி, அந்தப் பிள்ளையை முதல்ல உள்ள வந்து இருக்கச் சொல்லு. அதுக்குப் பிறவு பிரசங்கம் பண்ணு” என்றார். அவர் நெய்யாற்றின்கரையில் ஆடிட்டர் அலுவலகம் வைத்திருக்கிறார். அலுவலகத்தில் அவர் பயன்படுத்துவது விண்டோஸ், காசு கொடுத்து வாங்கியது. அதற்கும் நான் சண்டை போட்டிருக்கிறேன். “உனக்கு இது கம்ப்யூட்டரா, கட்சியா?” என்று கேட்பார்.

உட்கார்ந்து சாயா குடித்தபோதுதான் பெர்த்தா முழு விஷயத்தையும் சொன்னாள். கிரகோரிக்கு வளைகுடாவில் போய் மீன் பிடிக்க விசா வந்திருந்தது. பெர்த்தாவுக்கு இந்த வேலை கிடைத்தால் அவன் விசாவை வேண்டாம் என்று சொல்லிவிடுவான். கிடைக்காவிட்டால் பரீட்சைக்கு அடுத்த வாரமே விமானம்.

“அவரு போவாண்டாம் டீச்சரே” என்றாள். “பிள்ளை இப்பத்தான் அப்பான்னு விளிக்கத் தொடங்கியிருக்கு. அவரு இங்க இருக்கணும். எனக்கு அதாக்கும் வேணும்.”

எனக்கு மனசு இளகிப்போனது. இவளுக்கு நான் செய்து கொடுப்பதைப்போல் யாரும் செய்து கொடுத்திருக்கக் கூடாது என்று நினைத்தேன். நினைத்தது தப்பில்லை. செய்ததுதான் தப்பு.

லேப்டாப்பை வைத்துவிட்டுப் போ, நாளைக்குப் பூசை முடிந்து வா என்று அனுப்பினேன். அன்று மாலை முழுவதும் விண்டோஸுக்குப் பதிலாக யாரும் காசில்லாமல் முறையாகவே நிறுவிக்கொள்ளக்கூடிய லினக்ஸில் எந்த வகை அதற்குப் பொருந்தும் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். கேரளத்துப் பள்ளிக்கூடங்களில் ஓடுவது எனக்குத் தலைகீழ்ப் பாடம், ஆனால் அதில் பாதிக்கு மேல் பாடத்துக்கான சாமான்கள், இவளுக்கு எதற்கு? உபுண்டு நல்ல குடும்பத்துப் பிள்ளை, ஆனால் இந்த லேப்டாப்பின் நினைவகத்துக்கு அது பெரிய வாய். டெபியன் உறுதியானது, வைஃபை பிடிக்கக் கொஞ்சம் கெஞ்ச வைத்தது. மூன்றாவது ஒன்று இருந்தது. பெயர் வேண்டாம், பாவம், அதன்மேல் ஒரு குற்றமும் இல்லை. எடை குறைவு. பழைய மெஷினிலும் துள்ளி ஓடும். அதோடு மெனு முழுக்கத் தமிழ்.

தமிழ் என்று சொல்லிக் கடந்துபோக நான் யோக்கியமானவள் இல்லை. அந்தத் தமிழில் பெரும்பகுதி நான் எழுதியது. கோவிட் காலத்தில் பள்ளிக்கூடம் அடைத்துக் கிடந்தபோது தொடங்கி, விடுமுறைகளில் எல்லாம் உட்கார்ந்து, ஒவ்வொரு வரியாக மொழிபெயர்த்து அனுப்பியிருக்கிறேன். ஊரில் ஒரு ஆள் அதைப் பார்த்ததில்லை. சிவராம்கூட ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, “நல்லாருக்கு” என்று போய்விட்டார். பெர்த்தா தினமும் அதைத் திறப்பாள், என் வார்த்தைகளைப் படிப்பாள், அந்த வார்த்தைகளோடு வேலை பார்த்துச் சம்பாதிப்பாள். எனக்கு அது இனித்தது. மற்ற இரண்டையும் நான் அதற்குப்பிறகு சரியாக எடை போட்டுப் பார்க்கவே இல்லை.

மறுநாள் பெர்த்தா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். குழந்தையைச் சிவராம் தூக்கிக்கொண்டுபோய்க் கோழியைக் காட்டிக்கொண்டிருந்தார். பெர்த்தாவின் போனில் கம்பெனி அனுப்பிய மெயிலைப் படித்தேன். கடைசியில் பொடி எழுத்தில், விண்டோஸ் பத்தோ அதற்கு மேலோ தேவை என்று இருந்தது. நான் பார்க்கவில்லை என்று சொன்னால் அது பொய். பார்த்தேன்.

பெர்த்தாவும் பார்த்துவிட்டாள். “டீச்சரே, இதுல விண்டோஸ் வேணும்னு போட்டிருக்கே?”

“எல்லாவனும் அப்பிடித்தான் எழுதி வைப்பான். பேங்குல எழுதல்லியா, சர்க்கார் சைட்டுல எழுதல்லியா? எல்லாம் நான் லினக்ஸ்லதான் செய்யுதேன். ஒண்ணும் வந்ததில்ல.”

அதுவும் உண்மைதான். மெயிலில் பயிற்சிப் பரீட்சைக்கு ஒரு இணைப்பு இருந்தது. என் லேப்டாப்பில் திறந்தேன். பிரௌசரில் அழகாகத் திறந்தது. “பாத்தியா?” என்றேன். பெர்த்தாவின் முகம் தெளிந்தது.

நிறுவத் தொடங்கியதும் திரையில் கேள்வி வந்தது. ‘ஏற்கெனவே உள்ளதன் அருகில் நிறுவு’ என்று மேலே ஒன்று, ‘பழையதை அழித்துவிட்டு நிறுவு’ என்று கீழே ஒன்று. இரண்டும் நான் எழுதிய வரிகள். பெர்த்தா வாய்விட்டுப் படித்தாள். எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது.

“டீச்சரே, மேல உள்ளது போதாதா? பழசு ஒரு ஓரமா கிடக்கட்டு. ஒரு ஆவசியத்துக்கு ஆவுமே.”

அவள் கேட்டாள். அவளாகவே கேட்டாள்.

முற்றத்திலிருந்து சிவராமும், “அது நல்ல யோசனைதானே, இடம் உண்டுல்லா?” என்றார்.

இடம் இருந்தது. செய்ய வேண்டியது மேல் வரியைத் தொடுவது மட்டும்தான். ஆனால் இரண்டு பேரும் சேர்ந்து சொன்னதும் எனக்குப் பிடிவாதம் வந்துவிட்டது. “பழசு கிடந்தா நீ பழசுக்குத்தான் போவ. ஒரு நாளும் இதைப் படிக்க மாட்ட. அரைகுறை வேலை எனக்க கையில இருந்து வராது” என்று சொல்லிக் கீழ் வரியைத் தொட்டேன். சிவராம் குழந்தையோடு கோழியின் பக்கம் திரும்பிக்கொண்டார். பெர்த்தா, “டீச்சருக்குத் தெரியாததா” என்று சிரித்தாள்.

லேப்டாப் பறந்தது. பெர்த்தா வாய் பிளந்து பார்த்தாள். போகும்போது என் கையைப் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை காலை எனக்குப் பள்ளிக்கூடம் இல்லை. பத்து மணிக்குப் பரீட்சை. பத்தரைக்குப்பிறகு உள்ளே விட மாட்டார்கள். பத்து தாண்டியதும் போன் அடித்தது.

“டீச்சரே, இணைப்பைத் தொட்டா ஏதோ ஒரு சாதனம் டவுன்லோடு ஆவுது. அதைத் தொட்டா திறக்க மாட்டேங்குது.”

‘நடக்கிறது பயிற்சி அல்ல, நிஜப் பரீட்சை, காப்பியடிக்காமல் தடுக்க அவர்களே ஒரு செயலி வைத்திருப்பார்கள், அது விண்டோஸ் செயலி’ என்பதெல்லாம் அந்த நொடியே புரிந்துவிட்டது. “வாறேன் மக்கா, நீ ஒண்ணும் தொடாத” என்று ஸ்கூட்டரை எடுத்தேன். புறப்படும் முன் சிவராமை அழைத்தேன். “உங்க லேப்டாப்பை எடுத்துட்டு உடனே காரோட்டுக்கு வாங்க.”

“நான் பெருங்கடவிளையில ஒரு கட்சிக்காரர் வீட்டுல கணக்குப் பாத்துகிட்டு இருக்கேன். லேப்டாப் ஆபீஸ்லயாக்கும். எடுத்துட்டு வந்து சேரும்போ நேரம் கழிஞ்சிருமே” என்றார். அப்புறம், “வாறேன், நீ பாத்துப் போ” என்றார். நான் அன்றே சொன்னேன் என்று ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வரவில்லை. வந்திருந்தால் கத்தியாவது இருப்பேன்.

பெர்த்தாவின் தெருவுக்குள் திரும்பியதும் ஏதோ மாதிரி இருந்தது. சத்தமே இல்லை. எப்போதும் மீன்காரப் பெண்களின் பேச்சும், வலை பிரிக்கிறவர்களின் பாட்டும், தேவாலயத்து ஒலிபெருக்கியும் சேர்ந்து காதை அடைக்கும் தெரு அது. வலை பிரிக்கிறவர்கள் தூரத்தில் தென்னை மூட்டில் போய் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு கிழவர் என் ஸ்கூட்டரைப் பார்த்துக் கையால் வாயைப் பொத்திக் காட்டினார். “மெதுவா போங்க. உள்ள பெர்த்தாவுக்குப் பரீட்சையாக்கும். சர்ச்சுல மைக்கைக்கூட அணைச்சு வச்சிருக்கு.”

எனக்கு அப்படியே பூமிக்குள் போய்விடலாம் போல் இருந்தது. ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு உருட்டிக்கொண்டு போனேன்.

பெர்த்தா சுவரைப் பார்க்கப் போட்ட மேசையில் இருந்தாள். பளிச்சென்று ஒரு சுடிதார், நெற்றியில் சிலுவை அடையாளம் போட்டுப் போட்டுப் படிந்த வியர்வை. சத்தம் வரும் என்று மின்விசிறியை அணைத்திருந்தாள். திரையில் ஒரு சின்னக் கட்டத்தில் நான் எழுதிய வரி நின்றது: ‘இந்தக் கோப்பைத் திறக்கப் பொருத்தமான செயலி இல்லை.’ இரண்டு வருஷத்துக்கு முன் அந்த வரியை எழுதிவிட்டு, எவ்வளவு நல்ல தமிழ் என்று நானே மெச்சிக்கொண்டது ஞாபகம் வந்தது.

விண்டோஸ் செயலியை லினக்ஸில் ஏமாற்றி ஓடவைக்க ஒரு வழி உண்டு. அவள் போன் இணையத்தில் அதை இறக்கி, நிறுவி, பரீட்சைச் செயலியைத் திறந்தேன். அந்தச் செயலி ஒரு நொடி எட்டிப் பார்த்தது. இந்தக் கணினிக்கு அனுமதி இல்லை என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு மூடிக்கொண்டது. திரும்பத் திறந்தேன். திரும்ப மூடியது. பத்தரை ஆனது. இணைப்பைத் தொட்டால், நேரம் முடிந்தது என்று வந்தது. சிவராம் அப்போதும் வழியில்தான் இருந்தார்.

பெர்த்தா நாற்காலியில் அப்படியே இருந்தாள். அழவில்லை. “நீங்க தொடாதன்னு சொல்லுறதுக்கு மின்னயே நான் பதட்டத்துல அதையும் இதையும் அமுக்கிட்டேன் டீச்சரே. அதுலதான் ஏதோ கெட்டுப்போச்சு. இல்லியா?”

இல்லை என்று சொல்ல வாய் திறந்தேன். வாசலில் மாமியார் நின்றாள், அவளுக்குப் பின்னால் கிரகோரி, அவனுக்குப் பின்னால் தெருவில் பாதி. “டீச்சர் எல்லாம் நல்லா சரியாக்கிக் குடுத்தாவ. இவளுக்கு அதைக் கொண்டுபோவ பாங்கில்ல” என்றாள் மாமியார். கிரகோரி பெர்த்தாவை ஒரு பார்வை பார்த்தான். என்னைப் பார்த்து, “டீச்சர் இவ்வளவு தூரம் ஓடி வந்தீங்களே, வெள்ளம் குடிங்க” என்று ஒரு கிளாஸ் நீட்டினான்.

நான் குடித்தேன். இல்லை என்று சொல்லவேண்டிய வாயால் குடித்தேன்.

வெளியே யாரோ ஓடிப்போய்ச் சொல்லியிருக்க வேண்டும். ஒலிபெருக்கி மறுபடி பாட ஆரம்பித்தது.

திங்கட்கிழமை கம்பெனிக்கு நானே போன் செய்தேன். பேசிய பெண் மரியாதையாகத்தான் பேசினாள். “மெயிலில் தெளிவாக எழுதியிருந்தோமே மேடம். இனி ஆறு மாதம் கழித்துத்தான் விண்ணப்பிக்க முடியும்.” வைத்துவிட்டாள். அந்த வாரமே கிரகோரி விமானம் ஏறினான் என்று சுந்தரதாஸ் சொல்லித் தெரிந்துகொண்டேன். சுந்தரதாஸ் எங்கள் பள்ளிக்கூடத்து பியூன், காரோடு ஊர்க்காரர்.

“போய்ச் சொல்லிட்டு வா” என்றார் சிவராம், சாப்பாட்டு மேசையில்.

“என்னத்தைச் சொல்ல?”

“உனக்குத் தெரியும்.”

“உங்க வேலையைப் பாத்துகிட்டு இருங்க” என்று தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன். கோபம் வந்தால் எனக்குப் பசி போய்விடும் என்று அவருக்குத் தெரியும். அது கோபம் இல்லை என்பதும் தெரிந்திருக்கும். சொல்லி என்ன ஆகப்போகிறது, போனவன் திரும்பி வருவானா என்று எனக்கு நானே நூறு நியாயம் சொல்லிக்கொண்டேன். வகுப்பில் ஒரு பிள்ளை லினக்ஸின் பயன்களை ஒப்பித்தபோது, போதும் இரு என்று காரணமில்லாமல் அதட்டினேன்.

மாதம் ஒன்று போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பெர்த்தா வந்தாள். மெலிந்திருந்தாள். குழந்தை கூட வந்தது. கூடவே ஒல்லியாக ஒரு பெண், கையில் புத்தம்புது லேப்டாப் பெட்டி. கிரகோரியின் தங்கை ரெஜிஷாவாம். ஒரு பையில் எனக்குக் கப்பைக்கிழங்கு கொண்டுவந்திருந்தாள் பெர்த்தா. நாங்கள் மீன் சாப்பிட மாட்டோம் என்று அவளுக்கு நினைவிருக்கிறது.

“அந்தக் கம்பெனியில திரும்பவும் ஆளெடுக்குதாங்க டீச்சரே. வாற சனியாழ்ச்ச இவ எழுதுதா. இதுலயும் நம்ம தமிழ் உள்ளதைப் போட்டுக் குடுங்க. நல்ல வேகமாக்கும்னு நான்தான் இழுத்துகிட்டு வந்தேன்.”

சிவராம் பேப்பரை மடித்து வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“இது புது லேப்டாப் இல்லியா” என்றேன். “தொட்டா வாரண்டி போயிரும். உள்ள விண்டோஸ் அப்பிடியே இருக்கட்டு.”

என் நாக்கு எவ்வளவு சுலபமாகப் புரண்டது என்று எனக்கே அருவருப்பாக இருந்தது. பெர்த்தா உடனே நம்பிவிட்டாள்.

“அப்ப செரி. ஆனா டீச்சரே, ஒரு உபகாரம். அன்னைக்கு நான் எதை அமுக்கித்தான் கெட்டுப்போச்சுன்னு இவளுக்கு ஒண்ணு காட்டிக் குடுங்க. இவளும் அதையே செஞ்சிரப்பிடாது.” ரெஜிஷா நோட்டும் பேனாவும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டு என் வாயைப் பார்த்தாள்.

எதைக் காட்டுவேன்?

“நீ ஒண்ணும் அமுக்கல்ல” என்றேன்.

“இல்ல டீச்சரே, நான் பதட்டத்துல...”

“பெர்த்தா. நீ எதை அமுக்கியிருந்தாலும் அது திறந்திருக்காது. அந்தப் பரீட்சை விண்டோஸ்ல மட்டும்தான் திறக்கும். மெயில்ல எழுதியிருந்துது. நீ கேட்ட. பழசு ஓரமா கிடக்கட்டுன்னும் கேட்ட. நான்தான் அழிச்சேன். அன்னைக்கு உனக்க வீட்டுல வச்சே எனக்குத் தெரியும். எல்லாரும் நிண்ணாங்க, எனக்கு வாய் வரல்ல. நானாக்கும் தப்பு.”

அவள் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டினால் நன்றாக இருந்திருக்கும். அவள் குழந்தையின் கவுனை இழுத்துச் சரிசெய்தாள். ஒரு தடவை, மறுபடி ஒரு தடவை.

“வேலை போனது போவட்டு டீச்சரே” என்றாள் கடைசியில். “அது ஆறு மாசம் கழிஞ்சா கிட்டும். நான்தான் கெடுத்தேன்னு அவருகிட்ட சொல்லிட்டேன். அவரு போவக்கூடாதுன்னு நான் கெஞ்சினதும், பின்ன நானே கெடுத்துகிட்டதும்... உனக்கு நான் இங்க இருக்கணும்னு ஆசை இல்ல, ஆசை இருந்தா நீ இவ்வளவு அசட்டையா இருப்பியான்னு கேட்டாரு. ஏர்போர்ட்டுக்குப் போவும்போ எனக்க முகத்தைப் பாக்கல்ல. இப்ப விளிச்சாலும் பிள்ளையைக் காட்டுன்னு மட்டும்தான் சொல்லுவாரு. பிள்ளையைப் பாத்துட்டு வச்சிருவாரு. அண்ணி ஒழுங்கா எழுதியிருந்தா அண்ணன் போயிருக்கமாட்டான்னு இவளும்தான் சொன்னா.”

ரெஜிஷா தலையைக் குனிந்துகொண்டாள்.

“ஒரு வார்த்தை டீச்சரே” என்றாள் பெர்த்தா. இப்போதுதான் குரல் உடைந்தது. “அன்னைக்கு அந்த வாசல்ல வச்சு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, அவரு எனக்கிட்ட மிண்டிப் பேசிட்டு போயிருப்பாரே.”

நான் அழுதேன். என் அழுகை யாருக்கு வேண்டும்? பெர்த்தா அதைப் பார்க்கவே இல்லை. போனை எடுத்து வீடியோ அழைப்பைப் போட்டாள். அங்கே அவன் கரையில் இருக்கிற நேரம் அவளுக்குத் தெரியும். மணி அடித்துக்கொண்டே இருந்தது. குழந்தை, “அப்பா, அப்பா” என்று கையை நீட்டியது. பெர்த்தா போனைக் குழந்தைக்கும் காட்டாமல், தானும் பார்க்காமல், என் கையில் வைத்தாள்.

திரையில் கிரகோரி வந்தான். கறுத்துப் போயிருந்தான், தலையில் ஒரு துண்டு. குழந்தையைத் தேடிச் சிரித்த முகம், என்னைக் கண்டதும் குழம்பியது.

“டீச்சரா? என்ன டீச்சரே? பிள்ளைக்கு ஒண்ணும் இல்லியே?”

“பிள்ளைக்கு ஒண்ணும் இல்ல, கிரகோரி” என்றேன். “பெர்த்தாவுக்க தப்பு ஒண்ணும் இல்ல.”